விந்துப்பைக்குள் நடக்கும் போட்டி

பெரும்பாலான பெண் பூச்சிகளின் உடலில், ஆணிடமிருந்து பெற்ற விந்தணுக்களை நாட்கணக்கிலும், சில இனங்களில் ஆண்டுக்கணக்கிலும் உயிருடன் காத்துவைக்கும் விந்துப்பை உண்டு. முட்டையிடும் முன் அந்தப் பெண் வேறோர் ஆணுடனும் இணைசேர்ந்தால், இரு ஆண்களின் விந்தணுக்களும் ஒரே முட்டைகளுக்காகப் போட்டியிட நேர்கிறது. விந்தணுப் போட்டி எனப்படும் இந்நிகழ்வு பூச்சிகளின் உடலமைப்பையும் நடத்தையையும் எவ்வாறு வடிவமைக்கிறது என்பதை, பிரிட்டன் உயிரியலாளர் ஜெஃப் பார்க்கர் 1970-இல் விரிவாக எடுத்துரைத்தார்.

அவர் ஆராய்ந்த மஞ்சள் சாண ஈக்களில், கடைசியாக இணைந்த ஆணே சுமார் 80 விழுக்காடு முட்டைகளுக்குத் தந்தையாகிறது. ஆகவேதான் அந்த ஆண் உடனே விலகிச் செல்லாமல், பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை அதன்மேல் அமர்ந்து காவல் காக்கிறது. ஊசித்தட்டான்களோ காவலோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. 1979-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்க இனமொன்றின் ஆண், தன் விந்தைச் செலுத்துமுன், ஆண்குறியிலுள்ள பின்னோக்கிய முட்களால் முந்தைய ஆணின் விந்தணுக்களில் 88 முதல் 100 விழுக்காட்டை வாரி வெளியேற்றிவிடுகிறது.

போட்டியில் எண்ணிக்கையே வெல்லும் என்றால், விந்தணுக்களை உருவாக்கும் விந்தகம் பெரிதாக வேண்டும். ஒரு பெண் பல ஆண்களுடன் இணையும்படி ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட சாண ஈக்களில், 10 தலைமுறைகளுக்குள் அதுவே நிகழ்ந்தது. ஆனால் டிரோசோஃபிலா பைஃபர்கா என்ற பழ ஈ இக்கணக்கைத் தலைகீழாக்குகிறது. இத்துறையில் இதைவிடச் சுவையான புதிர் இல்லை என்பேன். சில மில்லிமீட்டரே நீளமுள்ள இந்த ஈயின் ஒற்றை விந்தணு, நூலுருண்டையாகச் சுருண்டிருப்பதை விரித்தால், சுமார் 5.8 சென்டிமீட்டர் நீளும். இத்தகைய விந்தணுக்களை ஏராளமாக உருவாக்க முடியாது என்பதால், ஆண் அவற்றை மிகச் சிக்கனமாகவே அளிக்கிறது. இதற்குக் காரணம் பெண்ணின் உடலமைப்பு என்றே தோன்றுகிறது. விந்தைச் சேமிக்கும் குழாய் நீளமாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட சாதாரணப் பழ ஈக்களில், நீண்ட விந்தணு கொண்ட ஆண்களே முந்தின. அதாவது, ஆண்களின் போட்டிக்குப் பெண்ணுடல் வெறும் களமன்று. வெற்றிக்கான விதியையும் அதுவே வகுக்கிறது.

ஆயினும் பெண்ணுக்கு இது இழப்பற்றதன்று. பழ ஈயின் விந்துத் திரவத்திலுள்ள புரதங்கள், பெண்ணின் மறு இணைவு விருப்பத்தைக் குறைத்து, முட்டையிடுதலைத் தூண்டுகின்றன. அவற்றை மிகுதியாகப் பெறும் பெண்ணின் ஆயுளும் குறைகிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஆணுக்கொரு பெண் என்ற கட்டுப்பாட்டில் இந்த ஈக்கள் 30-க்கும் மேற்பட்ட தலைமுறைகள் வளர்க்கப்பட்டன. போட்டி நீங்கியதும் ஆண்கள் தம் துணைக்கு இழைக்கும் தீங்கு குறைந்தது. அத்தீங்கைத் தாங்கும் திறனைப் பெண்களும் ஓரளவு இழந்திருந்தன.