மூன்று விரல் உப்பு, ஒரு கை வெல்லம்

பேதியில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? போதாது. வெளியேறுவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். சரி, உப்புத் தண்ணீர் கொடுக்கலாமே? காலராவில் அதுவும் உதவாது. அந்தக் கிருமியின் நச்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் கொட்ட வைக்கிறது. உப்பு உள்ளே போகும் வழக்கமான பாதையையும் அடைத்துவிடுகிறது.

ஒரு பாதை மட்டும் திறந்தே இருக்கும். சிறுகுடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளூக்கோஸையும் ஜோடியாகவே உள்ளே விடும் புரதம் ஒன்று உண்டு; தனியாக வந்தால் விடாது. இரண்டும் போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். ஆக, பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் (ஓ.ஆர்.எஸ்.) சர்க்கரை ருசிக்காகவோ தெம்புக்காகவோ அல்ல, உப்புக்குத் துணையாக. அளவு மீறினால் மிஞ்சிய சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். குளிர்பானம் இதற்கு மாற்றாகாது என்பது அதனால்தான்.

இந்த ஜோடிப் பாதையை 1960இல் விளக்கியவர் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். 1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளிடம் கரைசல் பலன் தந்தது. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையை ஒட்டிய மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனபிஸ் பீப்பாய்களில் கரைசலை நிரப்பி வைத்தார். உறவினர்களே மொண்டு மொண்டு குடிக்கக் கொடுத்தார்கள். 100க்கு 30 வரை இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த கட்டம். 1980 முதல் பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண்கள் வங்கதேசத்தில் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். எழுத்து தெரியாத தாய்க்கும் தன் விரல்களே அளவுகோல். பிறகு வேறொருவர் வந்து அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். கற்றுக்கொடுத்தவரின் சம்பளம் அதைப் பொறுத்தது! பத்தாண்டுகளில் 1 கோடிக்கும் அதிகமான வீடுகள்.

ஒரு சிக்கல் இன்றும் உண்டு. கரைசல் பேதியை நிறுத்தாது, இழந்ததை ஈடுகட்டும், அவ்வளவுதான். இன்னும் போகிறதே என்று பெற்றோர் பாதியில் விட்டுவிடுவார்கள், சோற்றையும் நிறுத்துவார்கள். அடிக்கடி பேதி வரும் பிள்ளை வளர்த்தி குன்றுவது இப்படித்தான் இன்னும் மோசமாகிறது. 2004 முதல் உலக சுகாதார நிறுவனம் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறது. பேதி நிற்கும் நாள் சற்று முன்னால் வரும். தாய்ப்பாலும் சாப்பாடும் எப்போதும்போல.