பல்சக்கரைட்டு

மட்டக்களப்பில் தேத்தண்ணிக்குப் போடுவது சீனி, பொங்கலுக்கு இடுவது சர்க்கரை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு மூன்றாவதாக ஒன்று வந்து சேரும்: பல்சக்கரைட்டு. இதில் தித்திப்பு இல்லை. சோற்றின் மாப்பொருளும் பஞ்சின் செலுலோசும் இந்த இனம்தான். குளுக்கோசு போன்ற எளிய சர்க்கரை அலகுகளான ஒருசக்கரைட்டுகள் ஏராளமாகக் கோர்த்த நீண்ட சங்கிலி அது.

ஆங்கிலத்தில் இது பொலிசக்கரைட்டு (polysaccharide). 'பொலி' கிரேக்கத்தில் 'பல'. 'சக்கரைட்டு' கிரேக்கம் வழியே சுற்றி வந்தாலும் பிறப்பு இந்தப் பக்கம்: சமஸ்கிருதத்தில் சர்க்கரா, பாளியில் சக்கரா. பருக்கைக்கல் என்பதும் அதற்குப் பொருள். நம் 'சர்க்கரை'யும் அதே வேர். 'கூட்டுச்சர்க்கரை' என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. நீரிழிவுக்காரர் வீணாகப் பயப்படுவார். எங்கள் பாடநூலின் 'பல்சக்கரைட்டு' போதும்.

ஆனால் சித்த வைத்தியம் தித்திக்காத ஒன்றைச் சர்க்கரை என்று முன்பே அழைத்துவிட்டது. வேம்பில் படர்ந்த சீந்தில் கொடியைத் துண்டாக்கி இடித்து, தண்ணீரில் கரைத்து வடித்துத் தெளியவிடுவார்கள். மேல்நீரை இறுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றி, மறுபடி தெளியவிட்டு, அடியில் படிந்த வெள்ளை மாவைக் காயவைத்தால் சீந்தில் சர்க்கரை. பெரும்பாலும் மாப்பொருள், அயடீன் ஒரு துளி விட்டால் கருநீலமாகும்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இரசாயனம் படிக்கப் போகிற பிள்ளை கவனிக்கவேண்டியது, அங்கே இறுத்து ஊற்றிய நீரை. நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டுவதாகச் சீந்திலில் ஆராயப்பட்ட அரபினோகலக்டன் நீரில் கரையும் பல்சக்கரைட்டு. வெந்நீரில் சாறெடுத்து, மூன்று நான்கு மடங்கு எதனோல் சேர்த்தால் இந்த வகைப் பொருள் பஞ்சு பஞ்சாகத் திரண்டு விழும். கூடவே விழும் புரதத்தைக் குளோரோபோமும் பியூட்டனோலும் சேர்த்துக் குலுக்கி நீக்குவார்கள். சிறு மூலக்கூறுகள் சவ்வுப் பை வழியே வெளியேறும். மிஞ்சியதைப் பருமன்படி பிரிக்க ஜெல் நிரப்பிய குழாய். பீனோலும் செறிந்த சல்பூரிக் அமிலமும் விட்டால் செம்மஞ்சள் நிறம். அதன் செறிவை 490 நானோமீற்றரில் அளந்தால் சக்கரைட்டின் அளவு தெரியும்.

இப்படிப் பிரித்ததை 'உயிர்ச்செயற்பாடுள்ள' பல்சக்கரைட்டு, அதாவது உடற்கலங்களில் விளைவு உண்டாக்குவது, என்று எழுதலாம். 'உயிருள்ள' என்றால் பிழை. அந்த அடைமொழியும் சோதனைக்குப் பிறகே பொருந்தும். பற்றீரியாச் சுவரிலிருந்து வரும் இலிப்போபல்சக்கரைட்டு துளி கலந்திருந்தாலே கலங்கள் கிளர்ந்துவிடும். அதை விலக்காத பரிசோதனையில் வேலை செய்தது சீந்திலா, கழுவிய தண்ணீரா என்று சொல்ல வழியில்லை.