மூக்கில் போன பட்டாணியை வாயால் ஊதி எடுப்பது எப்படி?

மூன்று வயதுக் குழந்தை மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டால் ஹேர்பின்னால் எடுக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடாது. பின், பட்ஸ், விரல் எது போனாலும் வழுக்கும் உருண்டை இன்னும் பின்னால்தான் நகரும். அங்கிருந்து தொண்டைக்கு நழுவி மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். தண்ணீர் விட்டால் பட்டாணி ஊறிப் பருக்கும். தும்ம வைக்க மூக்குப்பொடி காட்டுகிறவர்களும் உண்டு. தும்முவதற்கு முன்னால் குழந்தை மூச்சை ஆழமாக உள்ளே இழுக்குமே, அதை யோசிப்பதில்லை!

மூக்குச் சிந்தத் தெரிந்த குழந்தையென்றால், அடைபடாத பக்கத்தை அழுத்திக்கொண்டு சிந்தச் சொல்லலாம். தெரியாத குழந்தைக்கு, 1965இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மருத்துவர் ஒருவர் எழுதிவைத்த ‘அம்மா முத்தம்’ இருக்கிறது. அடைபடாத பக்கத்தை விரலால் மூடிவிட்டு, குழந்தையின் வாயைத் தன் வாயால் காற்றுக் கசியாமல் கவ்வி, அம்மா மெதுவாக ஊத வேண்டும். காற்று நுரையீரலுக்குப் போய்விடாதா? அங்கேதான் அழகு. ஊதும் காற்று பட்டதும் குழந்தையின் குரல்வளை தானாகவே மூடிக்கொள்கிறது. ஊதுகிறவருக்கு அது ஒரு தடையாக உணர்வில் படும். அந்தக் கணத்தில் வெடுக்கென்று ஒரு ஊது. கீழே வழியில்லை, மற்ற மூக்குத் துவாரமும் விரலால் அடைப்பு. காற்று உள்நாக்குக்குப் பின்னால் ஏறி, பட்டாணியை முதுகுப்புறமிருந்து தள்ளுகிறது. முன்னாலிருந்து நுழையும் எந்த இடுக்கிக்கும் அந்த இடம் எளிதில் எட்டாது.

2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 154 குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்தினருக்கு இது பலித்ததாகச் சொல்கிறது. தீங்கு எதுவும் பதிவாகவில்லை. முழுதாக வெளியே வராவிட்டாலும் பொருள் முன்னால் நகர்ந்து, மருத்துவரின் வேலை சுலபமாகலாம். ஆனால் அந்த ஆய்வு திரட்டியதெல்லாம் தனித்தனி மருத்துவர்களின் குறிப்புகளைத்தான். ஊதுவதைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. பெரிய ஆய்வுக்குப் பணம் போட ஆளில்லாததற்கு அதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது. மூச்சுத் திணறினால் ஊதிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பட்டன் பேட்டரியானாலும் அப்படித்தான்: மூக்கின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையில் காரம் (அல்கலி) உருவாகி, சில மணி நேரத்திலேயே சதையை அரிக்கும், இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தண்டில் ஓட்டையும் விழலாம். சொட்டுமருந்து விட்டால் இன்னும் மோசம்.

போட்டுக்கொண்டதைக் குழந்தை சொல்லாமலே இருந்துவிடுவதும் உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், சளி மருந்தைத் திறக்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.