காஞ்ச இலை மாதிரி ஆடுற பந்து: ஜூனின்யோவோட ஃப்ரீ கிக்

மாசி மாசம் வந்தா எங்க மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் மிச்சமிருக்கற பால்மரமெல்லாம், அதான் ரப்பர் மரம், (முக்காவாசி செம்பனை ஆயிடுச்சு, அது வேற கதை) இலையைக் கொட்ட ஆரம்பிச்சிடும். அந்த இலை நேரா விழாது, இப்படி ஒரு ஆட்டம் அப்படி ஒரு ஆட்டம் ஆடிக்கிட்டேதான் தரைக்கு வரும். பிரேசில்ல 1950கள்ல டிடின்னு ஒரு ஃபுட்பால் மிட்ஃபீல்டர், அவரு அடிக்கிற ஃப்ரீ கிக் (எதிரணி தப்பு பண்ணா கிடைக்கிற உதை) கோல் கிட்ட வந்து திடீர்னு விழும், அதுக்கு அங்க ‘காஞ்ச இலை’ன்னே பேரு. அதே நாட்டுல ரெசிஃபேல 1975ல பொறந்தவருதான் ஜூனின்யோ பெர்னாம்புகானோ. 2001ல பிரான்ஸ் லியோனுக்குப் போனாரு, அதுவரைக்கும் ஒரு தடவைகூட லீக் பட்டம் ஜெயிக்காத கிளப் அது, 2002லேர்ந்து 2008 வரைக்கும் வரிசையா 7 தடவை சாம்பியன். லியோனுக்கு அவரு அடிச்ச 100 கோல்ல 44 ஃப்ரீ கிக்!

மத்தவங்க பந்தைச் சுத்த விட்டு வளைப்பாங்க. 1997ல ராபர்ட்டோ கார்லோஸ் பிரான்ஸுக்கு எதிரா அடிச்சாரே, அது அந்த வகை. பந்தோட ஓரத்துல அடிச்சா சுத்தும், சுத்துற பந்து காத்தை ஒரு பக்கமா தள்ளிவிடும், காத்து திருப்பி பந்தை மறுபக்கம் தள்ளும், இதான் மேக்னஸ் விளைவு. ஜூனின்யோ நேர் எதிர். காலோட உள்பக்க எலும்பால நட்ட நடுவுல ஒரு போடு, பந்து சுத்தவே கூடாது.

சுத்தலன்னா நேராதானே போகணும்னு தோணும், அங்கதான் விஷயமே. பறக்கற பந்து மேல காத்து ஒரு மெல்லிசான தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு வந்து பின்பக்கம் ஓரிடத்துல பிச்சுக்கும். தையல் இருக்கற பக்கம் காத்து கலங்கிடும், கலங்குன காத்து இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கிட்டு லேட்டாதான் பிச்சுக்கும், வழவழன்னு இருக்கற பக்கம் சீக்கிரமே பிச்சுக்கும், இந்த வித்தியாசம்தான் பந்தைப் பக்கவாட்டுல தள்ளுது. வேகமா சுத்துனா தையலோட வேலை சுத்திச் சுத்தி சமமாயிடும். மெதுவா கால் சுத்து மட்டும் திரும்புனா? தையல் இடம் மாறும், தள்ளுற பக்கமும் மாறும், பந்து தள்ளாடும். வேகம் ஒரு அளவுக்குக் கீழ போனா காத்தோட இழுவை சட்டுனு ஏறி பந்து பொத்துனு இறங்கவும் செய்யும். 2010 உலகக் கோப்பை ஜாபுலானி பந்து 8 துண்டு மட்டும், ரொம்ப வழவழப்பு, அதனால நல்லா வேகமா அடிக்கும்போதே இந்தத் தள்ளாட்டம் வந்துடுச்சு, கீப்பருங்க திட்டாத திட்டு இல்ல.

சின்ன வயசுல தோட்டத்துத் திடல்ல பிளாஸ்டிக் பந்து ஒதச்சவங்களுக்கு இதெல்லாம் பாடமே வேணாம். காத்து தள்ளுறது கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா நிஜப் பந்து 410லேர்ந்து 450 கிராம், பிளாஸ்டிக் பந்துக்கு எடையே இல்ல, அதான் அப்படி ஒரு பேயாட்டம் ஆடும்.

ஒட்டுக்கடையில தே தாரிக் குடிச்சிக்கிட்டே இதைச் சொன்னப்ப, 2016ல பினாங்கு ஃபைஸ் சுப்ரி பகாங்குக்கு எதிரா அடிச்சு, வருஷத்தோட அழகான கோலுக்கு ஃபிஃபா குடுக்கற புஸ்காஸ் விருது வாங்குன கோலை இன்னிக்கு வரைக்கும் பேசற ஒரு அண்ணன் கேட்டாரு, “அப்ப ஜூனின்யோவுக்கே எந்தப் பக்கம் போகும்னு தெரியாதா லா? வெறும் லக்கா?”

கடைசி ஆட்டம் எந்தப் பக்கம்னு தெரியாதுண்ணே. சுத்தாம அடிக்கறது, எவ்வளவு வேகம், கீப்பருக்கு முன்னாடி எங்க விழணும், இதுதான் அவரு கையில, சரி கால்ல. மணிக்கு 100 கிலோமீட்டர்ல அடிச்சா 30 மீட்டர் கடக்க ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் மேலதான் ஆகும், கீப்பர் பாதியிலயே ஒரு பக்கம் முடிவு பண்ணிப் பாயணும், பந்து அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணும். 2003 நவம்பர்ல மியூனிக்ல ஜூனின்யோ அடிச்சப்ப பயர்ன் கீப்பர் ஓலிவர் கானே பாய்ஞ்சு கம்பத்துல போய் மோதுனாரு, பந்து உள்ள.