கால் குடைச்சலுக்கு நரம்பு மாத்திரை வேண்டாம்

முக்கூடல் பக்கத்திலிருந்து இந்த வாரமும் ஓர் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். "ராத்திரி படுத்தா ரெண்டு காலும் குடையுது சார், எந்திச்சு நடந்தாத்தான் சும்மா இருக்கு" என்றார். பையைக் கவிழ்த்தால் மூன்று விதமான 'நரம்பு மாத்திரை' அட்டைகள். மூன்றிலும் வைட்டமின் பி6. இரும்புச்சத்தை மட்டும் யாருமே பார்க்கவில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தச் சோதனை எடுத்தோம்: வெறும் 11.

திருநெல்வேலிச் சீமையில் கால் குடைந்தாலே நரம்புத் தளர்ச்சி, அதற்கு ஒரு சத்து ஊசி. எத்தனை தடவைதான் சொல்வது!

மூளையில் டைரோசின் என்ற புரதக்கூறு எல்-டோபா என்ற பொருளாகி, பிறகு உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற ரசாயனமாகிறது. முதல் படியை நடத்தும் நொதிக்கு (என்சைம்) இரும்பு வேண்டும், இரண்டாவதற்கு பி6. இரும்பு குறைந்தால் டோபமைன் ஒழுங்கு குலைந்து, ராத்திரியில் இந்தக் குடைச்சல் வரும். சரி, பி6-ஐக் கூட்டிப் போட்டால் டோபமைனும் கூடுமே என்கிறார்கள். அப்படிக் கூடுவதில்லை. பீடி இலை நறுக்க ஒரு ஆளுக்கு ஒரு கத்தரி போதும்; பத்துக் கத்தரி வாங்கிக் கொடுத்தாலும் பீடி பத்து மடங்காகாது. நொதிக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் மீதி பி6-க்கு அங்கே வேலையில்லை. மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினால் அந்த பி6-தான் பாதத்தை மரத்துப்போக வைக்கும். அதற்கும் நரம்புத் தளர்ச்சி என்று இன்னொரு ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள்! ஐசோனயசிட் சாப்பிடும் காசநோயாளிகளுக்கு நாங்களே பி6 தருகிறோம். அந்த மருந்து பி6-ஐக் குறைப்பதால் தருவது, அது வேறு கணக்கு.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். ஃபெரிட்டின் 75 வரை இருந்தாலும் இந்தக் குடைச்சலுக்கு இரும்பு கொடுத்துப் பார்ப்போம். லேப் தாளில் அது 'நார்மல்' என்றே இருக்கும். காய்ச்சலோடு எடுத்தால் கூடுதலாகக் காட்டும், இரண்டு வாரம் கழித்து எடுங்கள்.

இரும்பு மாத்திரையை டீ, காப்பியோடு விழுங்காதீர்கள், எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுத்தால் பயந்து நிறுத்த வேண்டாம். சோதிக்காமல் நீங்களாக இரும்பும் வாங்க வேண்டாம். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை, வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு இரண்டும் குடைச்சலைக் கூட்டும். எதைச் சாப்பிட்டாலும் அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள். ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் மூலமோ குடல்புண்ணோ, ரத்தம் எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும். அம்மாமாரே, தீட்டு அதிகமாகப் போவதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.