பந்து கையை விட்டுப் போகட்டும், அப்புறம் காலை எடுங்கள்

போன ஞாயிறு மதுரையில் பள்ளிப் பையன்களுக்கான கூடைப்பந்து மேட்ச், நான்தான் ரெஃப்ரி. ஸ்கோர் 41-40, மிச்சம் 3 விநாடி. பின்தங்கிய அணிக்குக் கடைசி பிரீ த்ரோ (ஃபவுலுக்காக, யாரும் மறிக்காமல் ஒரு பாயிண்டுக்கு எறிவது), அதுவும் ரிங்கில் பட்டு வெளியே போய்விட்டது. ஆனால் ஷூட்டர் முழங்காலை மடக்கும்போதே, ஜெயிக்க இருந்த அணிப் பையனின் ஷூ முழுசாக லேன் கோட்டை, அதாவது ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டத்தின் ஓரக் கோட்டை, தாண்டி உள்ளே வந்துவிட்டது. பந்து அப்போது ஷூட்டரின் உள்ளங்கையில்தான் இருந்தது. விசில் அடித்தேன். திரும்ப ஒரு பிரீ த்ரோ, அது விழுந்தது, ஓவர்டைமில் பையனின் அணி தோற்றது. கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதான். அவனுடைய கோச் வந்து கேட்கிறார், "ஷூட்டர் கையைத் தூக்கினதும் உள்ள போகலாம்ல சார்?" இந்த சீசனில் இது நாலாவது தடவை.

போகக்கூடாது சார். கையைத் தூக்கினாலும் கூடாது, குதித்தாலும் கூடாது. பந்து ஷூட்டரின் விரல் நுனியை விட்ட பிறகுதான் லேனில், அதாவது அந்தக் கட்டத்தின் ஓரத்தில், நிற்பவர் உள்ளே வரலாம். இதற்கு நேர்மாறாக, ரிங்கில் படும்வரை எல்லோரும் அசையாமல் நிற்கணும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஷூட்டருக்கும், லேனில் இடம் பிடிக்காமல் த்ரீ பாயிண்ட் கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் உள்ள விதி. லேனில் நிற்கும் பிள்ளைக்கும் அதையே சொன்னால் அவன் ரீபவுண்டை, ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை, தாரை வார்த்துவிட்டுத்தான் நிற்பான். இரண்டு பேருக்கும் இரண்டு நேரம். தயவுசெய்து குழப்பாதீர்கள்.

லேனில் 5 பேருக்கு மேல் கிடையாது. போர்டுக்குப் பக்கத்தில் இருபுறமும் முதல் இடம் டிஃபென்ஸுக்கு (ஷூட்டரின் எதிரணிக்கு), அடுத்த இடம் ஷூட்டரின் ஆட்களுக்கு, மூன்றாவதாக டிஃபென்ஸில் இன்னும் ஒருவர், அவ்வளவுதான். டெக்னிக்கல் ஃபவுல் (ஆளை இடித்ததற்கு இல்லாமல், நடத்தை மாதிரி விஷயங்களுக்குக் கொடுப்பது) என்றால் லேனில் யாருமே நிற்கக்கூடாது.

கோர்ட்டையும் சொல்லணும். 2010-லேயே லேன் செவ்வகமாகிவிட்டது. ஆனால் இந்த மாதம் விசில் அடித்த ஒரு கிரவுண்டில் அடியில் இருந்த பழைய சரிவகக் கோடு பளிச்சென்று தெரிகிறது, மேலே போட்ட புதுக்கோடு அழிந்து கிடக்கிறது. பிள்ளைகள் எதைப் பார்த்து நிற்பார்கள்? ஒரு டின் பெயின்ட் வாங்கி, இடம் பிரிக்கும் சின்னக் கோடுகளையும் சேர்த்து அடித்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பந்து ரிங்குக்குள் விழுந்துவிட்டால் லேனில் யார் முந்தி வந்திருந்தாலும் பாயிண்ட் உண்டு. ஷூட்டரே தப்புச் செய்தால்தான் போகும். "கேன்சல், கேன்சல்" என்று கத்தாதீர்கள், ஷூட்டர் பிள்ளை நடுங்குகிறது. ஷூட்டர்களும் அமெரிக்காவின் என்பிஏ லீக் பார்த்துவிட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அங்கே 10 விநாடி, நமக்கு 5 தான்.

கோச்களே, அந்தப் பையனைத் திட்ட வேண்டாம், யாரும் சொல்லித்தராததற்கு அவன் என்ன செய்வான்? தினமும் ப்ராக்டிஸ் முடியும்போது 10 நிமிஷம் லேனில் 5 பேரை நிறுத்தி பிரீ த்ரோ போடச் சொல்லுங்கள், நீங்கள் ரிங்குக்குப் பின்னால் எண்ட் லைனில் நின்று கால்களை மட்டும் பாருங்கள். நாங்கள் அங்கே நின்று பார்ப்பது அதைத்தான். கோடையில் பெரியகுளம் அகில இந்தியப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், பிரீ த்ரோ வரும்போது பந்தை விட்டுவிட்டு லேனில் நிற்கும் பெரிய ஆட்டக்காரர்களைக் காட்டுங்கள். ஷூ நுனி கோட்டுக்கு வெளியே ஒட்டி நிற்கும், கண் ஷூட்டரின் விரலிலேயே இருக்கும்.