நீண்ட கோடு போட்டால் எழுதியது இயந்திரமா?

கல்லூரியில் படிக்கும் தன் மகன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கட்டுரையில் வாக்கியங்களுக்கு நடுவே நீண்ட கோடுகள் இருந்ததால், அதைச் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள் என ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நிறுத்தக்குறியை வைத்து அப்படி முடிவு கட்ட முடியுமா என்று கேட்கிறார். முடியாது, அதற்கான காரணம் ஒரு சிறிய கணக்கில் இருக்கிறது.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள், இதுவரை வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரக்கூடிய துணுக்குகளின் (சொல் அல்லது சொல்லின் பகுதி போன்றவற்றின்) நிகழ்தகவைக் கணித்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து சேர்த்துக்கொண்டே போகின்றன என்பது பலரும் அறிந்ததே. அந்தத் துணுக்குகளில் நிறுத்தக்குறிகளும் அடக்கம். சில மாதிரிகள் எம் டாஷ் எனப்படும் நீண்ட கோட்டைத் தாராளமாகப் போட்டதும் உண்மைதான். ஆனால் அவை அந்தப் பழக்கத்தைக் கற்றது மனிதர்கள் எழுதிய நூல்களிலிருந்து. 1886-இல் மறைந்த அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கையெழுத்துப் படிகளில் கோடுகள் அவ்வளவு நிறைந்திருந்ததால், 1890-இல் முதல் தொகுப்பை வெளியிட்டவர்கள் அவற்றில் பலவற்றை நீக்கியே அச்சிட்டார்கள். இன்றோ, இரண்டு சிறு கோடுகளைத் தட்டினால் வேர்டு மென்பொருளே அவற்றை நீண்ட கோடாக மாற்றிவிடுகிறது. எழுதியவர் கவனித்திருக்கக்கூட மாட்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். இயந்திரம் எழுதிய கட்டுரையில் நீண்ட கோடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. நீண்ட கோடு உள்ள கட்டுரையை இயந்திரம் எழுதியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்குத் தூக்கிப் பொருத்தும்போதுதான் பிழை நேர்கிறது. இவ்விரண்டையும் முறையாக இணைக்கும் வழியைத் தாமஸ் பேய்ஸ் என்பவரின் ஆய்வுரை 1763-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டது. சூத்திரம் இல்லாமல், எண்ணிப் பார்த்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

2023 ஜனவரியில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம், ஓர் உரை இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவியை வெளியிட்டது. நிறுவனமே தந்த விவரப்படி, அது இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைச் சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மீது தவறாகப் பழி சுமத்தியது. ஒன்பது சதவீதம்தானே என்று தோன்றும். 1000 கட்டுரைகளில் 100 மட்டும் இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். அந்த 100-இல் 26 பிடிபடும். மீதியுள்ள 900-இல் 81 மாட்டிக்கொள்ளும். ஆக, குற்றம் சாட்டப்பட்ட 107 கட்டுரைகளில் 81 மனிதர் கைப்பட எழுதியவை! அதே கருவியிடம், சரிபாதி இயந்திரம் எழுதியவையாக உள்ள 1000 கட்டுரைகளைக் கொடுத்தால் 130 சரியாகவும் 45 தவறாகவும் சிக்கும். கருவியின் திறன் அப்படியே இருக்க, அதன் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பது மட்டும் தலைகீழாக மாறுகிறது. சோதனைக்கு வந்த குவியலில் நேர்மையாளர்கள் எத்தனை பேர் என்பதே அதை நிர்ணயிக்கிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத கணக்கு இது.

அந்தக் கருவியின் துல்லியம் குறைவு என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. உரையை முழுவதுமாக எடைபோட்ட கருவிக்கே இந்த நிலை என்றால், ஒற்றைக் கோட்டை நம்பித் தீர்ப்பு எழுதுவது சகுனம் பார்ப்பதற்கு ஒப்பானது. பலித்தது மட்டும் நினைவில் நிற்கும், பொய்த்ததை யாரும் எண்ணி வைப்பதில்லை. மேலும், ஓர் அடையாளம் ஊரறிந்ததாகிவிட்டால் அதன் மதிப்பும் தேயத் தொடங்குகிறது. இயந்திரத்திடம் எழுதி வாங்கியவர் கோடுகளைத் தேடி அழித்துவிடுவார். மறைக்க எதுவுமில்லாதவர் தம் வழக்கப்படியே எழுதுவார்.

இதில் அதிகம் அடிபடுவோர் ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றவர்கள். 2023-இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய, எதிர்பார்க்கக்கூடிய சொற்களால் எழுதியதே அவர்கள் செய்த குற்றம்.

ஆகவே குறிகளைத் துருவுவதை விட்டுவிட்டு, வரைவுகளையும் திருத்த வரலாற்றையும் பார்ப்பதும், எழுதியவரை உட்கார வைத்துக் கட்டுரையைப் பற்றிக் கேட்பதுமே முறை என்பது என் உறுதியான கருத்து. தொழில்நுட்பத்தில் வழி தேடுவோருக்கும் ஒன்று உண்டு: துணுக்குகளைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கணத்திலேயே, ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு தேர்வைச் சற்றுச் சாய்த்து, உரைக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் பதிக்கும் முறையைக் கூகுள் டீப்மைண்ட் 2024-இல் நேச்சர் அறிவியல் இதழில் விவரித்தது. உரையை நன்றாக மாற்றி எழுதினால் அந்த முத்திரையும் மங்கிவிடும் என்பது அதன் குறை. பொதுப் பணம் இத்தகைய ஆய்வுகளுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மொழியிலும் எத்தனை நிரபராதிகள் மாட்டுகிறார்கள் என்று அளந்து வெளியிடாத எந்தக் கருவியையும் கல்வி நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கக் கூடாது.